குற்றம் நாக்கிலா? காதிலா?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் காதைப் பற்றியது. கடவுள், சாஸ்திரம், சடங்கு என்று எதிர்பார்த்து வந்த தோழர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம். தோன்றினாலும் பாதகமில்லை. கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், இதுவும் அந்த வியாதியின் ஒரு கிளைதான் என்பது விளங்கும். "என் காதாலேயே கேட்டேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கோர்ட்டிலும் அதுதான் சாட்சி. பஞ்சாயத்திலும் அதுதான் சாட்சி. மாமியார் மருமகள் சண்டையிலும் அதுதான் சாட்சி. அந்தக் காது எவ்வளவு யோக்கியதையுள்ள சாட்சி என்று குறுக்கு விசாரணை செய்து பார்ப்பதுதான் இன்றைய வேலை.

கிராமத்துத் தோழர்களுக்கு நன்றாய்த் தெரிந்த ஒரு சங்கதியிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு வீட்டில் ஒரு மருமகள் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது, தூர் வாரவேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாமனார் காதிலும் விழவில்லை. புருஷன் காதிலும் விழவில்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் உடுக்கை அடிக்கிறான். அதே மருமகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடி, "கிணற்றைத் தூர் வாருங்களடா" என்கிறாள். உடனே மாமனார் மேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "உத்தரவு தாயே" என்கிறார். ஊர்ப் பெரியதனக்காரர்கள் கைகட்டி நிற்கிறார்கள். தொண்டை அதே தொண்டை. சேதியும் அதே சேதி. பேசுகிறது யார் என்ற எண்ணம் ஒன்றுதான் மாறிற்று. சாமி வந்ததா இல்லையா என்பது வேறு கச்சேரி. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

புராணங்களில் அசரீரி என்று ஒன்று வருகிறதல்லவா? ஆகாயத்திலிருந்து குரல் வந்தவுடன் ராஜாவும் ரிஷியும் நடுங்கிப்போய்க் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கு உடம்பில்லாதது நல்லதாய்ப் போயிற்று. உடம்பு இருந்திருந்தால், முதலில் அதற்கு என்ன ஜாதி என்று விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு கேட்டிருப்பார்கள். ஏனென்றால், பேச்சுக்கு மதிப்பு பேசுகிற வாயைப் பொறுத்தது என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு இது. கௌதம தர்ம சூத்திரம் என்ன சொல்லுகிறது? வேதத்தை வேண்டுமென்று கேட்ட சூத்திரன் காதை ஈயத்தாலும் அரக்காலும் நிரப்பு, அதைச் சொன்னால் நாக்கை அறு என்கிறது. ஒரு வாயில் வந்தால் மந்திரமாகிற அதே ஓசை, இன்னொரு வாயில் வந்தால் குற்றமாகிவிடுகிறது.

நிற்க. இதுவரை சொன்னதைக் கேட்ட ஒரு தோழர், "இதில் காதின் தப்பு என்ன இருக்கிறது? காதில் சரியாகத்தான் விழுந்தது, கேட்ட பிறகு மனதுதான் மதிக்கவில்லை" என்று சொல்லக்கூடும். திருவள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் அந்த அளவோடுதான் பேசுகிறார். யார் சொன்னார் என்று பாராதே, சொன்ன பொருள் மெய்யா என்று பார் என்பது அவர் சொல்லும் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் அது, சொன்னது சொன்னபடியே காதுக்குள் வந்து சேர்ந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. சொன்னது சொன்னபடி வந்து சேருகிறதா என்பதுதான் நம்முடைய கேள்வி. வந்து சேருவதில்லை, வருகிற வழியிலேயே, பேசுகிறவர் இன்னார் என்கிற எண்ணம் அதை மாற்றிவிடுகிறது என்பதைக் கடந்த அறுபது வருஷத்துக்கு மேலாகப் பல தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் பரீட்சை செய்து காட்டியிருக்கிறார்கள்.

முதலாவதாக, கேட்பது என்பது காது மாத்திரம் செய்கிற வேலையே அல்ல. மக்கர்க், மக்டொனால்ட் என்ற இருவர் 1976-ல் ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். படத்தில் ஒருத்தி "கா, கா" என்று வாயை அசைக்கிறாள். அதன்மேல் "பா, பா" என்ற ஓசையை ஒட்டிவிட்டார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் "கா"வும் கேட்கவில்லை, "பா"வும் கேட்கவில்லை. "டா, டா" என்று கேட்டது! கண்ணை மூடிக்கொண்டால் "பா". திறந்தால் மறுபடியும் "டா". இது தந்திரம் என்று தெரிந்துகொண்ட பிறகும் அப்படியே கேட்கிறது. ஆகவே, காதுக்கு வருவதில் கண் ஒரு பங்கைப் போட்டுக் கலந்துதான் மூளை நமக்குக் கொடுக்கிறது. பால்காரர் தண்ணீர் கலப்பதாவது வெளியே தெரியும்; இந்தக் கலப்படம் கலக்கப்படுகிறவருக்கே தெரியாது.

உதட்டசைவு கலந்தால் பெரிய நஷ்டமில்லை. கூட்டத்தில் சத்தம் அதிகமானால் அது உதவிகூடச் செய்கிறது. முகத்தின் நிறமும் ஜாதியும் கலந்தால் என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள்.

அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் வெளிதேசத்திலிருந்து படிக்கப் போனவர்கள் கீழ் வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது வழக்கம். சீனர்கள், கொரியர்கள், நம் நாட்டுப் பிள்ளைகள் என்று பலர் உண்டு. அவர்கள் பேசும் இங்கிலீஷ் புரியவில்லை என்று மாணவர்களும் பெற்றோர்களும் கூச்சலிட்டதன்மேல், 1980-களில் பல மாகாணச் சட்டசபைகள் இவர்களுடைய பேச்சைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டுமென்று சட்டமே செய்துவிட்டன. இதைக் கவனித்த டொனால்ட் ரூபின் என்பவர் ஜார்ஜியா சர்வகலாசாலையில் ஒரு காரியம் செய்தார். ஒகையோ மாகாணத்தில் பிறந்து வளர்ந்த, இங்கிலீஷே தாய்மொழியான ஒரு பெண்மணியைக் கொண்டு பாடத்தைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். மாணவர்களுக்கு அந்தக் குரலைப் போட்டுக் காட்டும்போது, இதுதான் உங்கள் ஆசிரியை என்று ஒரு படத்தைக் காட்டினார். சிலருக்குக் காட்டியது வெள்ளைக்காரப் பெண்ணின் படம். சிலருக்குச் சீனப் பெண்ணின் படம். ஒலிப்பதிவில் ஒரு எழுத்துகூட வித்தியாசமில்லை. ஆனால் சீன முகத்தைப் பார்த்துக் கேட்டவர்கள், உச்சரிப்பு அந்நியமாயிருக்கிறது என்றார்கள். அதோடு போகவில்லை. பாடத்திலிருந்து பரீட்சை வைத்தால், அவர்கள் வாங்கின மார்க்கும் குறைவாயிருந்தது! இது 1992-ல் வெளியாயிற்று.

இதை நன்றாய் யோசித்துப் பாருங்கள். புரியவில்லை என்று அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே புரியவில்லை. வாயிலிருந்து வந்தது சுத்தமான ஒகையோ இங்கிலீஷ். போய்ச் சேர்ந்தது குழறல். அந்தக் குழறலை உண்டாக்கியது யார்? கேட்டவரேதான். குற்றத்தை மாத்திரம் ஆசிரியை நாக்கின்மேல் எழுதிவிட்டார்கள். "நன்றாய்ப் பேசக் கற்றுக்கொள்ளட்டும், மதிப்பு தானே வரும்" என்று உபதேசம் செய்கிற கனவான்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்? அந்தப் பேச்சில் இன்னும் எதைத் திருத்துவது?

நியாயத்துக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். எதிர்பார்ப்பு எப்போதும் கெடுதலே செய்கிறது என்று எண்ண வேண்டாம். மெய்யாகவே சீன உச்சரிப்போடு பேசப்பட்ட இங்கிலீஷை, இரைச்சலுக்கு நடுவே போட்டுக் காட்டினார் மகவன் என்பவர். அப்போது சீன முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகமாகப் புரிந்தது. இது 2015-ல் வெளிவந்தது. என்ன வரப்போகிறது என்று சரியாக எதிர்பார்த்தால் காது கூர்மையாகிறது. தப்பாக எதிர்பார்த்தால் செவிடாகிறது. ஆகவே நம்முடைய வழக்கு எதிர்பார்ப்பின்மேல் அல்ல. முகத்தைப் பார்த்தவுடன் பேச்சைத் தீர்மானித்துவிடுகிற துணிச்சலின்மேல்தான்.

முகம்கூட வேண்டியதில்லை, ஒரு சொல் போதும். டெட்ராயிட் என்ற அமெரிக்க நகரத்துக்கும் கானடாவுக்கும் நடுவே ஒரு ஆறுதான். அந்நகரத்தார், தங்கள் இங்கிலீஷ் அப்பழுக்கில்லாதது, கானடாக்காரர்தான் சில உயிரோசைகளை ஒரு தினுசாக உயர்த்திச் சொல்லுகிறார்கள் என்று நம்புகிறவர்கள். உண்மையில் அந்தத் தினுசு டெட்ராயிட்காரர் வாயிலும் இருக்கிறது. நீட்ஸீல்ஸ்கி என்ற பெண்மணி, டெட்ராயிட்காரி ஒருத்தியின் பேச்சையே எடுத்து, சிலருக்குக் கொடுத்த தாளின் தலைப்பில் "கானடா" என்றும், சிலருடையதில் அவர்கள் மாகாணமாகிய "மிச்சிகன்" என்றும் எழுதிக் கொடுத்தார். கானடா என்ற தாள் வாங்கினவர்களுக்கு அந்த உயர்த்தல் கேட்டது. மிச்சிகன் தாள் வாங்கினவர்களுக்குக் கேட்கவே இல்லை. இது 1999-ல் வந்த ஆராய்ச்சி. தன் ஊரான் வாயில் இருக்கிற கோணல் காதில் விழுவதில்லை. அக்கரையான் என்று எழுதிக் காட்டினால் உடனே விழுகிறது. நம் ஊரிலும் இது உண்டு. தன் வீட்டுப் பேச்சைத் "தமிழ்" என்றும், அடுத்த தெருப் பேச்சைக் "கொச்சை" என்றும் சொல்லாதவர் எத்தனை பேர்? சென்னையில் லட்சக்கணக்கான உழைப்பாளிகள் பேசுகிற தமிழை, சினிமாக்காரர்கள் வெகு காலமாகச் சிரிப்புக்காரனுக்கும் ரவுடிக்குமே ஒதுக்கி வந்தார்கள். அதைக் கேட்டுப் பழகின காது, அந்தத் தமிழில் ஒருவர் துக்கத்தைச் சொன்னால்கூடச் சிரிக்கத் தயாராயிருக்கிறது.

பிள்ளைகள் விஷயம் இதைவிடப் பரிதாபம். 1970-களின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாகாணத்தில் வில்லியம்ஸ் என்பவர், உபாத்தியாயர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பிள்ளைகள் பேசுகிற படங்களைக் காட்டினார். ஒன்று வெள்ளைப் பிள்ளை, ஒன்று கறுப்புப் பிள்ளை, ஒன்று மெக்ஸிகோ வம்சத்துப் பிள்ளை. படத்தோடு ஒட்டிய குரல் ஒரே குரல். பேச்சு எவ்வளவு திருத்தமாயிருக்கிறது என்று கேட்டால், வெள்ளைப் பிள்ளையின் பேச்சுக்கு ஒரு மதிப்பும், மற்றவர்களுடையதற்கு அதைவிடக் குறைவான மதிப்பும் போட்டார்கள். ஆறு வயதில் பள்ளிக்கூடத்து வாசற்படி ஏறுகிற குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்பே அதன் பேச்சுக்கு மார்க் போட்டாய்விட்டது என்றால், அது மேற்கொண்டு எதைப் பேசி என்ன?

தோழர்களே! இதுவரை சொன்னதெல்லாம் மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனைக் கேட்கிற விதம். இந்தக் காது கீழே இருக்கிறவனிடமும் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் நம்மை அதிகமாகத் தொல்லைப்படுத்துகிற சங்கதி. கானடாவில் மாண்ட்ரியால் நகரத்தில் லாம்பெர்ட் என்பவரும் அவர் கூட்டாளிகளும் செய்து 1960-ல் வெளியிட்ட பரீட்சையைச் சொல்லுகிறோம். அந்த மாகாணத்தில் பிரெஞ்சு பேசுகிறவர்களே பெரும்பான்மையோர். ஆனால் அந்தக் காலத்தில் பெரிய வியாபாரமும், நல்ல சம்பளத்து உத்தியோகமும் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் கையில். லாம்பெர்ட், இரண்டு பாஷையும் தாய்மொழிபோல் பேசத் தெரிந்த சிலரைப் பிடித்து, ஒரே விஷயத்தைப் பிரெஞ்சில் ஒரு தடவையும் இங்கிலீஷில் ஒரு தடவையும் படிக்கச் சொன்னார். கேட்ட மாணவர்களுக்கு, இந்த இரண்டு குரலும் ஒரே ஆளுடையது என்று தெரியாது. குரலைக் கேட்டு, இந்த ஆள் எப்படிப்பட்டவர், புத்திசாலியா, நம்பத் தகுந்தவரா, உயரமானவரா என்று 14 குணங்களுக்கு மதிப்புப் போடச் சொன்னார்.

இங்கிலீஷ்கார மாணவர்கள் இங்கிலீஷ் குரலுக்கு அதிகம் போட்டார்கள், அதில் ஆச்சரியமில்லை. பிரெஞ்சுக்கார மாணவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களும் இங்கிலீஷ் குரலுக்கே அதிகம் போட்டார்கள். இங்கிலீஷ்காரர் 7 குணங்களில் இங்கிலீஷ் குரலை உயர்த்தினார்கள் என்றால், பிரெஞ்சுக்காரர் 10 குணங்களில் உயர்த்தினார்கள்! ஒரே ஆள், ஒரே விஷயம். தங்கள் தாய் பேசின பாஷையில் அவன் பேசியபோது புத்தி குறைந்தவனாகவும், உயரம் குறைந்தவனாகவும்கூடத் தெரிந்தான். குரலைக் கேட்டு ஆளின் உயரத்தைக் குறைத்த அதிசயத்தை என்னவென்று சொல்லுவது! ஆனால் இரண்டு விஷயத்தில் மாத்திரம் தங்கள் குரலுக்கு அதிக மார்க் கொடுத்துக்கொண்டார்கள்: பக்தி ஒன்று, தயாள குணம் ஒன்று. புத்தியும் யோக்கியதையும் எஜமானனுக்கு. பக்தியும் இரக்கமும் நமக்கு. இந்தப் பங்கீடு எந்த ஊர்ப் பங்கீடு என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் குனிந்து நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. நிமிர்ந்து நட என்று சொல்லலாம். தன் குரலையே தன் காது தாழ்த்திக் கேட்கிறது என்றால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. தன்மதிப்பு என்பது அவ்வளவு ஆழத்தில் பறிக்கப்படுகிறது.

இனி, இதனால் ஜனங்கள் இழப்பது என்ன என்பதற்கு வருவோம். முதலில் குடியிருக்க வீடு. சான்பிரான்ஸிஸ்கோ பக்கத்தில் ஜான் பாவ் என்ற கறுப்பின ஆராய்ச்சிக்காரர், தாம் ஒருவரே மூன்று விதமான பேச்சில் வீட்டுக்காரர்களுக்கு டெலிபோன் செய்து, வாடகைக்கு வீடு பார்க்க வரலாமா என்று கேட்டார். வெள்ளைக்காரர் அதிகமாக வசிக்கும் வுட்சைடு என்ற ஊரில், வெள்ளையர் மாதிரிப் பேசியபோது 100-க்கு 70 பேர் வரச் சொன்னார்கள். கறுப்பர் மாதிரிப் பேசியபோது 29. மெக்ஸிகோ வம்சத்தார் மாதிரிப் பேசியபோது 22. இது 1999-ல் அச்சாயிற்று. வாசலில் "இன்னாருக்கு வீடு இல்லை" என்று பலகை போட்டால் சட்டம் பிடிக்கும். டெலிபோனில் "வீடு போய்விட்டதே" என்று சொன்னால் யார் பிடிப்பது?

அடுத்தது கோர்ட்டு. 2012-ம் வருஷம் பிப்ரவரியில் புளோரிடா மாகாணத்தில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்புப் பையன், கையில் ஆயுதம் ஒன்றுமில்லாமல் தெருவில் போய்க்கொண்டிருந்தவன், சுட்டுக் கொல்லப்பட்டான். சாகிறதற்குச் சற்று முன்வரை அவனோடு டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தவள் அவனுடைய தோழி. நடந்ததைப் பற்றி அவளைவிட முக்கியமான சாட்சி வாதிப் பக்கத்தில் கிடையாது. 2013-ல் விசாரணை நடந்தபோது அந்தப் பெண் இரண்டு நாளாகச் சுமார் ஆறு மணி நேரம் கூண்டில் நின்றாள். அவள் பேசியது அவள் தெருவில் எல்லோரும் பேசுகிற இங்கிலீஷ். கேட்டவர்கள் பத்திரிகையிலும் மற்ற இடங்களிலும் அவள் பேச்சைக் கேலி செய்தார்கள். ஜூரியில் ஒரு அம்மாள் பிற்பாடு பேட்டி கொடுத்தபோது, அவள் சொன்னதில் பல தமக்கு விளங்கவில்லை என்றும், அவள் சாட்சியம் நம்பத் தக்கதாகத் தோன்றவில்லை என்றும் சொன்னார். சுட்டவர் விடுதலையானார். அந்தத் தீர்ப்புக்கு இது ஒன்றுதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் "விளங்கவில்லை" என்பதும் "நம்பிக்கையில்லை" என்பதும் ஒரே மூச்சில் வந்ததைக் கவனியுங்கள். விளங்கவில்லை என்பது கேட்டவருடைய குறை. நம்பிக்கையில்லை என்பது சொன்னவள்மேல் தீர்ப்பு. அவள் பேச்சு குழறல் அல்ல, ஒழுங்கான இலக்கணமுள்ள பேச்சு என்று ரிக்போர்டு, கிங் என்ற மொழியாராய்ச்சிக்காரர்கள் 2016-ல் விவரமாக எழுதினார்கள். எழுதி என்ன? வழக்கு முடிந்துவிட்டது.

இது ஜூரிக்கு மாத்திரம் உள்ள வியாதியா? பிலடெல்பியா நகரத்துக் கோர்ட்டுகளில் சாட்சியத்தை அப்படியே எழுதுகிற உத்தியோகஸ்தர்கள் 27 பேரைக் கொண்டு ஒரு பரீட்சை நடந்து, 2019-ல் வெளியாயிற்று. இந்த உத்தியோகத்துக்கு யோக்கியதாபத்திரம் வாங்க 100-க்கு 95-க்குக் குறையாமல் சரியாக எழுதிக் காட்ட வேண்டும். இவர்களுக்குக் கறுப்பின மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுகிற வாக்கியங்களைப் போட்டுக் காட்டினார்கள். முழுவதும் சரியாக எழுதப்பட்ட வாக்கியங்கள் 100-க்கு 60-ஐ எட்டவில்லை. இதன் அர்த்தம் என்ன என்று கேட்டால், மூன்றில் ஒரு பங்குதான் சரியாக வந்தது. யார் செய்தது, எப்போது செய்தது என்பதே மாறிப்போன இடங்களும் உண்டு. அப்பீல் கோர்ட்டு சாட்சியின் வாயைப் பார்க்காது. இந்த எழுத்தைத்தான் பார்க்கும். நம் நாட்டிலும் 1973-ம் வருஷத்துக் குற்ற விசாரணை முறைச் சட்டத்திலும், 2024-ல் அதன் இடத்தில் அமலுக்கு வந்த சட்டத்திலும், செஷன்ஸ் வழக்கில் சாட்சியத்தைச் சாதாரணமாகக் கேள்வி பதிலாக எழுதாமல் கதைபோல் தொகுத்தே எழுதவேண்டும் என்றிருக்கிறது. தொகுக்கிறது யார் காது? கூலிக்காரி ஒருத்தி தன் ஊர்ப் பேச்சில் சொன்னதைப் படித்தவர் ஒருவர் தம் நடையில் தொகுக்கும்போது என்ன விழுகிறது, என்ன ஏறுகிறது என்று நம் கோர்ட்டுகளிலும் எவராவது பரீட்சை செய்து பார்க்க வேண்டாமா?

"அப்படியானால் காதை நம்பவே கூடாதா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். அப்படிச் சொன்னால் நாளை முதல் வீட்டில் பேச்சுவார்த்தையே நடக்காது. காது கற்றுக்கொள்ளக் கூடியது. கிளார்க், காரெட் என்ற இருவர் 2004-ல் காட்டியது என்னவென்றால், பழக்கமில்லாத உச்சரிப்பைக் கேட்க ஆரம்பித்தவுடன் முதலில் மூளை தடுமாறுகிறது. ஒரு நிமிஷத்துக்குள்ளாகவே அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. ஒரே நிமிஷம்! அந்த ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டாமல்தான், தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்க வந்த கிழவியைக் குமாஸ்தா "என்னம்மா உளறுகிறாய், படித்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வா" என்று விரட்டுகிறார். அவள் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து அவன் அதையே சொன்னால், "இப்போதுதான் விளங்கிற்று" என்கிறார்.

பல்லைக் கடித்துக்கொண்டு பாஷையைத் திருத்திக்கொள்ளும்படி ஏழைகளுக்கு உபதேசம் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கேட்கிற உத்தியோகத்தில் இருக்கிறவர்கள், அதாவது உபாத்தியாயர், டாக்டர், போலீஸ், கோர்ட்டு எழுத்தர், நீதிபதி ஆகியவர்கள், கேட்கக் கற்றுக்கொண்டார்களா என்று பரீட்சை வைக்கச் சொல்லி ஒரு தீர்மானம்கூட நாம் பார்த்ததில்லை. இந்தக் கூட்டத்திலேயே அப்படி ஒரு தீர்மானத்தை எழுதிக் கொண்டுவரலாம்; தலைவரவர்கள் அனுமதி கொடுப்பார்கள் என்று நினைக்கிறோம். பின்வரிசையில் வெகு நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிற அந்த அம்மாளுக்கு இனி வழிவிடுகிறோம். அவர் கேட்கட்டும்.